எத்தியோப்பியா ரீச்சரின் கடலைக் குழம்பு

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். ஏழு பேருக்கும் சோறு குழைத்து ஊட்டிய கை இது. எழுத்து அவ்வளவாக வராது. நான் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். சமையலில் எங்கள் கரம்பொன் ஊரில் என்னை வெல்ல ஆளில்லை என்பது என் நினைப்பு.

எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்கு அடுத்த வருடம், எத்தியோப்பியாவில் படிப்பித்துவிட்டு வந்த ஒரு ரீச்சர் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தார். நெடிய மனுசி. பேசும்போதும் அகப்பையைக் கீழே வைக்கமாட்டார். ஒருநாள் அந்த நாட்டுக் கடலைக் குழம்பு சாப்பிட என்னைக் கூப்பிட்டார். நான் குறை பிடிக்கத்தான் போனேன்.

குசினியில், வெங்காயத்தை வெறும் சட்டியில் வதக்கிக்கொண்டிருந்தார்.

“என்ன ரீச்சர், எண்ணெய் முடிஞ்சுதோ?”

“இல்லை அக்கா, எண்ணெய் பிறகுதான்.”

பிறகு எண்ணெயும் மிளகாய்த் தூளும் வறுத்த கடலை மாவும் போட்டுக் கிண்டி, தேங்காய்ப்பால் விடாமலே இறக்கினார். எனக்குச் சொல்ல நிறையச் சேர்ந்துவிட்டது.

புளித்த தோசையில் குழம்பை வைத்து மடித்து, என் வாய்க்கு நேரே நீட்டினார்.

“எனக்கென்ன கையில்லையோ?”

“அங்கை விருந்தாளிக்கு முதல் வாய் நாங்கள்தான் ஊட்டுறது. ஆவெண்டு வாயைத் திறவுங்கோ, அக்கா.”

காக்கைக் குஞ்சுபோல வாயைத் திறந்தேன். சேர்த்துவைத்த குறையெல்லாம் தோசையோடு உள்ளே போய்விட்டது. விவரம் தெரிந்த நாள் முதல் எனக்கு யாரும் ஊட்டியதில்லை.

“உப்புச் சரியோ தெரியேல்லை. இன்னொருக்கால் தாரும்” என்றேன்.

அவர் சிரிக்காமல் ஊட்டினார். உப்பு ஒரு சாட்டு என்று அவருக்குத் தெரிந்ததோ, இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

பிள்ளை, அந்த உப்புக் கதையையும் எழுதிப்போட்டியோ? எங்கை, வாசி பாப்பம்.