நல்லகண்ணு மெஸ்ஸின் சிவப்புத் தண்ணீர்

கம்பத்திலிருந்து குமுளி போகும் சாலையில் மெஸ் வைத்திருக்கும் நல்லகண்ணுவுக்குக் கிருமி என்றால் ஜென்மப் பகை. கண்ணால் பார்க்காத எதிரியோடு பன்னிரண்டு வருடமாக மல்லுக்கட்டும் மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கேரளாக்காரர்கள் கொதித்த தண்ணீர் இல்லாத கடையில் உட்கார யோசிப்பார்கள். அவர்களுக்காகத்தான் ஆரம்பித்தார். அண்டாவில் தண்ணீர் ஏற்றி, பதிமுகம் என்ற மரச்சீவலைப் போட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிடம் கொதிக்கவிடுவார். தண்ணீர் சிவந்து வரும். ஒரு நிமிடம் குறைந்தாலும் இறக்கமாட்டார். பக்கத்துக் கடையில் யாராவது குழாய்த் தண்ணீர் குடித்தால் இங்கிருந்தே முறைப்பார். தினமும் சாப்பிடப் போகிற எனக்குச் சோற்றைவிடக் கிருமியைப் பற்றிய பேச்சைத்தான் அதிகம் பரிமாறினார்.

இந்த வருடம் அவர் மனைவி மாரீஸ்வரிக்கு டைபாய்டு வந்தது. தேறினாள். மூன்றே மாதத்தில் மறுபடியும் படுத்துவிட்டாள். ஆள் பாதியாகிப் போனாள்.

"கொதிச்ச தண்ணிதான் குடுக்கணும்னு டாக்டர் சொன்னாக. நான் வேற என்னத்தக் குடுக்குறேன்? நம்ம அண்டாத் தண்ணிதானே," என்று என்னிடம் புலம்பினார். கேட்கவே பாவமாக இருந்தது. நாங்கள் இருவரும் ஈயைச் சந்தேகப்பட்டோம், பக்கத்துக் கடைச் சட்னியைச் சந்தேகப்பட்டோம். அண்டாவைச் சந்தேகப்படவில்லை.

போன வாரம் குமுளிக்குப் போகும் வழியில் ஷெரின் என்றொரு மலையாள நர்ஸ் சாப்பிட வந்தாள். அவள் கண்ணெதிரேதான் அண்டா கொதித்தது. இறக்கிய ஐந்தாவது நிமிடம் டம்ளர் மேசைக்கு வந்தது. தொட்டுப் பார்த்தாள்.

"இப்ப எறக்கின வெள்ளம்தானே அண்ணா? அதுக்குள்ள எப்படி ஆறிச்சு?"

நல்லகண்ணுவுக்குப் பெருமை தாங்கவில்லை. "கொதிக்கக் கொதிக்கக் குடுத்தா நாக்கு வெந்துருமில்லம்மா? பாதிக்குப் பாதி பச்சத்தண்ணி ஊத்திருவேன். குடிக்கிற பக்குவத்துக்கு வந்துரும்."

"எந்தப் பச்சத்தண்ணி?"

"அங்கன இருக்குல்ல, குழாய்த் தண்ணி."

ஷெரின் டம்ளரைத் தள்ளி வைத்தாள். "பின்னே எதுக்கு அண்ணா கொதிக்க வைக்கறது?"

நல்லகண்ணு அண்டாவைப் பார்த்தார். நான் மட்டும் என்ன, படித்தவன்தான். அவர் குடம் குடமாகக் கலப்பதைத் தினமும் பார்த்தவன்தான். மாரீஸ்வரி படுத்திருந்த உள்ளறைப் பக்கம் அவர் திரும்பினார். பன்னிரண்டு வருடமாக அவளும் இதைத்தான் குடித்திருக்கிறாள்.

அன்று கடையைப் பாதியிலேயே அடைத்தார். சின்னப் பாத்திரத்தில் தனியாகத் தண்ணீர் வைத்து, இருபது நிமிடம் கொதிக்கவிட்டு, ஒரு டம்ளர் ஊற்றிக் கையோடு உள்ளே கொண்டுபோனார். மாரீஸ்வரி எழுந்து உட்கார்ந்து உதட்டில் வைத்துப் பார்த்தாள்.

"சுடுதுங்க. எப்பவும் போல கொஞ்சம் பச்சத்தண்ணி ஊத்தித் தாங்களேன்."

"மாட்டேன்த்தா," என்றார். இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அவள் கேட்டு அவர் இல்லையென்றது அதுதான் முதல் தடவை. டம்ளரைத் தட்டுப் போட்டு மூடினார். பிறகு விசிறியை எடுத்து, மூடிய டம்ளருக்கு விசிறத் தொடங்கினார்.