செவ்வாய்க்கிழமை பூட்டியிருந்த வகுப்பு

பல்கலைக்கழகத்தின் அகாடமிக் கவுன்சில் கூட்டத்துக்கு அஜெண்டா தயாரிக்கும் வாரத்தில் எனக்கு உட்கார்ந்தாலும் நிலைகொள்ளாது, நின்றாலும் நிலைகொள்ளாது. அங்கே அகாடமிக் பிரிவில் சூப்பரிண்டெண்டாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். முதுகலைப் பட்டமோ சர்ட்டிபிகேட் படிப்போ, புதிதாகத் தொடங்க, பாடத்திட்டம் மாற்ற, இழுத்து மூட, எல்லாவற்றுக்கும் கவுன்சில் தலையசைக்க வேண்டும். அதற்கு முன் ஒரு ரிவ்யூ கமிட்டி நேரில் போய்ப் பார்த்து அறிக்கை கொடுக்கும்.

அந்த முறை வந்த அறிக்கை எங்கள் ஊரைப் பற்றியது. தங்கவயலில், பாலகாட் பக்கம், பல்கலைக்கழகத்துக்கு ஒரு சின்ன மையம் உண்டு. தொழிற்சாலைப் பாதுகாப்பில் ஓராண்டு சர்ட்டிபிகேட் படிப்பு அங்கே நடந்தது. கமிட்டி ஒரு செவ்வாய்க்கிழமை போயிருக்கிறது. வகுப்பறை பூட்டிக் கிடந்ததாம். வகுப்பே நடக்கவில்லை, படிப்பை உடனே நிறுத்தலாம் என்று எழுதிவிட்டார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செவ்வாய்க்கிழமை தங்கவயலில் யார் இருப்பார்கள்? தங்கச் சுரங்கம் மூடிய பிறகு, வேலைக்குப் போகிற பாதி ஊர் விடியுமுன்னே மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூர் போய்விடும். அதனால் வகுப்பு ஞாயிற்றுக்கிழமைதான், அதுவும் சர்ச் முடிந்து, சாப்பிட்ட பிறகு. ஊருக்கே தெரிந்த விஷயம் என்பதால் பல்கலைக்கழகத்துக்குச் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

சேதி எப்படியோ கசிந்து, மறுநாள் நான் பெங்களூர் ஆபீஸுக்குப் போகிற ரயிலில் விண்ணரசி என்னைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் சர்ச்சுப் பெண், பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் ஹெல்பர். சர்ட்டிபிகேட் வந்தால் சேஃப்டி பிரிவில் போடுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார்.

"இன்னா மேடம், எங்க கோர்ஸ தூக்கிடறாங்களாமே? பரீட்சை வர்ற நேரத்துல இன்னாத்துக்கு இப்படி பண்றாங்க? இத்தினி நாளு படிச்சிகினு இருந்ததெல்லாம் வீணா?"

"கூட்டம் நடக்கட்டும்மா" என்றேன். எனக்கே அந்தப் பதில் பிடிக்கவில்லை.

ஆபீஸ் போனதும் பையைக்கூட வைக்காமல் டீன் அறைக்குள் நுழைந்தேன். டீன் கன்னடக்காரர். எதற்கும் பதறமாட்டார், அதைப் பார்த்தாலே எனக்குப் பதறும்.

"சார், அது சண்டே கிளாஸ். நடத்துற மேடத்தைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேளுங்க."

"ஏன்ரீ, நீங்க ஏன் இவ்ளோ டென்ஷன் ஆகறீங்க? கமிட்டி போய்ப் பார்த்தாச்சே?"

"பூட்டைத்தானே சார் பார்த்தாங்க?"

சிரித்துவிட்டார். கூப்பிடவும் சொன்னார்.

கூட்டத்தில் மினிட்ஸ் எழுதுகிற எங்களுக்குப் பின்வரிசை நாற்காலி. வாய் திறக்கக் கூடாது. "மேடம், காலை ஆட்டாதீங்க, எனக்கு எழுத வரலை" என்று பக்கத்திலிருந்த கிளார்க் கிசுகிசுத்தார். படிப்பை நடத்தும் செல்வராணி மேடம் எழுந்து, ரயில், வேலை, சர்ச் எல்லாவற்றையும் படபடவென்று சொல்லி முடித்தார்.

தலைவர் பொறுமையாகக் கேட்டார். "ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு கவுன்சில்கிட்ட அனுமதி வாங்கினீங்களா?"

"இல்ல சார். வாரநாள்ல வெச்சா ஒருத்தரும் வர முடியாது."

"அதைச் சொல்லிக் கேட்டிருந்தா கொடுத்திருப்போமேம்மா."

செல்வராணி மேடம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர்மேல் கோபப்படுவதா, கமிட்டிமேலா என்று எனக்கே தெரியவில்லை. இருக்கிற பேட்ச் பரீட்சை எழுதலாம், புது ப்ரபோசல் வந்து பாஸாகும்வரை புது அட்மிஷன் கிடையாது என்று முடிவானது.

அடுத்த நாள் ரயிலில் சொன்னேன். "ஸ்தோத்திரம்" என்று விண்ணரசி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பங்காருபேட்டை தாண்டியதும் அவள் முகம் மாறியது.

"அப்போ என் தங்கச்சி? இதுல சேரணும்னு வேற எதுலயும் சேராம வூட்ல குந்திகினு இருக்கறா மேடம்."

"புது ப்ரபோசல் வரும்மா."

செல்வராணி மேடம் அனுப்பவும் செய்தார். அது துறையிலிருந்து டீனுக்கும், டீனிடமிருந்து கமிட்டிக்கும், ஒரு சந்தேகம் கேட்டுத் திரும்பத் துறைக்கும் போனது. நானும் போகிற இடமெல்லாம் போய் நச்சரித்தேன். நான் ஓய்வுபெற்ற நாள்வரை அது கவுன்சில் மேஜைக்கு வரவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். உங்கள் ஊருக்குத் தெரிந்தது கவுன்சிலுக்கும் தெரியும் என்று நினைக்காதீர்கள். முதல் நாளே சொல்லிவிடுங்கள். மூடுவதற்கு ஒரு கூட்டம் போதும், திறப்பதற்குப் போதாது.

விண்ணரசி இப்போது சேஃப்டி சூப்பர்வைசர். தங்கை அதே தொழிற்சாலையில் ஹெல்பர்.