செக்கிங் அத்தானின் வெங்காயப் பொடி

எங்கள் அத்தானுக்கு வெங்காயம் நறுக்கத் தெரியாது. ஆனால் வெங்காயத்தை எப்படி நறுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்த அளவுக்கு இந்தக் குடியிருப்பில் வேறு யாருக்கும் தெரியாது. அதனால்தான் அவர் நின்றுகொண்டிருந்தார், நாங்கள் உட்கார்ந்து அழுதோம்.

அத்தான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அக்கம்பக்கத்தில் அவருக்குப் பெயரே ‘செக்கிங்’தான். அவர் பஸ் ஓட்டியதில்லை, டிக்கெட் கிழித்ததும் இல்லை. பஸ்ஸை நடுவழியில் நிறுத்தி ஏறி, ஓட்டுகிறவரும் கிழிக்கிறவரும் ஒழுங்காகச் செய்கிறார்களா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதுதான் அவர் வேலை. அந்த வேலையை அப்படியே வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டார். துவைத்த சட்டையின் காலரைத் தூக்கிப் பார்ப்பார். பெருக்கிய பிறகு கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்ப்பார். ஒன்றும் கிடைக்காவிட்டால் அவர் முகம் வாடிப்போகும். கெட்டவர் என்று சொன்னால் என் வாய் அழுகிவிடும். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. அக்காவுக்குத் தலைவலி என்றால் மருந்துக் கடைக்கு முதல் ஆளாக ஓடுவார். வாங்கி வந்த மாத்திரையை அவள் விழுங்கினாளா என்று வாயைத் திறக்கச் சொல்லியும் பார்ப்பார்.

நான் எதிர் வீடு. தையல் மெஷின்தான் என் பிழைப்பு. நான் தைக்கிற சட்டைகளுக்குக் காஜா போடுவதும் பட்டன் தைப்பதும் அக்காவின் கை. வீட்டு வேலை முடிந்ததும் மத்தியானம் வந்து என் ஜன்னலோரம் உட்காருவாள். அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு வேலைதான். அதை மட்டும் யாரும் செக்கிங் செய்ததில்லை.

அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிட ஆரம்பித்தாள். பிறகு வருவதையே நிறுத்திவிட்டாள். முதலில் வலது கண்ணுக்கு ஆபரேஷன் ஆனது. அது நன்றாக ஆறினால்தான் இடது கண். கண் டாக்டர் அம்மா கறாரான பேர்வழி. புகை ஆகாது, தூசி ஆகாது, கொஞ்ச நாளைக்கு வெங்காயம் நறுக்குவதும் ஆகாது, வலது கண் கெட்டுப்போனால் இடது கண்ணை நான் தொடவே மாட்டேன் என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா அத்தானிடம் கேட்டது இவ்வளவுதான். நானும் பக்கத்தில் இருந்தேன்.

“ஏங்க, சமையலை நான் பாத்துக்கறேன். வெங்காயம் மட்டும் தினம் ஒண்ணு நறுக்கிக் குடுத்துடுங்களேன்.”

அத்தான் பேப்பரை மடித்து வைத்தார்.

“தினம் உக்காந்து ஒண்ணு ஒண்ணா நறுக்கறதா? அதெல்லாம் யோசிக்கத் தெரியாதவங்க பண்றது. இதுக்கு ஒரேயடியா ஒரு வழி பண்றேன் பாரு. இனிமே உன் ஆயுசுக்கும் இந்த வீட்டுல வெங்காயம் நறுக்கற வேலையே இருக்காது.”

“நான் ஒண்ணுதாங்க கேட்டேன்.”

“நீ பேசாம இரு. கண்ணுக்கு ரெஸ்ட் குடு.”

அவர் போனில் எதையோ பார்த்திருக்கிறார். வெங்காயத்தை மெலிதாகச் சீவி, சருகாகக் காய வைத்து, மிக்சியில் அரைத்துப் பொடியாக்கி பாட்டிலில் அடைத்துவிட்டால், சமைக்கும்போது ஒரு ஸ்பூன் அள்ளிப் போட்டால் போதுமாம். மறுநாள் ஒரு மூட்டை வெங்காயம் வந்து இறங்கியது. கொண்டு வந்தவரைப் போக விடாமல் வாசலில் நிறுத்திவைத்து, அத்தான் ஒவ்வொரு வெங்காயமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முளை விட்டதையும் அழுகியதையும் டிக்கெட் இல்லாத ஆட்களை இறக்குவதுபோல அங்கேயே இறக்கிவிட்டார்.

சரி, நறுக்குவது யார்? அக்கா நறுக்கக் கூடாது. அத்தான் மேற்பார்வை. அக்காவின் கண்ணுக்காக என்று சொன்னால் நான் எப்படி மாட்டேன் என்பது? மெஷினை மூடிவிட்டுப் போனேன். மேல்வீட்டு டீச்சரையும் ஒரு புண்ணிய காரியம் என்று சொல்லிக் கையோடு கூட்டி வந்திருந்தார். அந்த அம்மாள் இதற்கென்றே அன்று லீவு போட்டிருந்தார். வேறு எதற்கும் அவர் லீவு போட்டதை நான் பார்த்ததில்லை.

நாங்கள் இரண்டு பேரும் கண்ணீரும் மூக்குமாக உட்கார்ந்திருக்க, அத்தான் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு காற்று வருகிற ஜன்னல் பக்கமாகப் பார்த்து நின்றார். அவ்வப்போது ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்.

“ஏம்மா, இது தடிமன் ஜாஸ்தி. வெளியில காஞ்சிரும், உள்ள ஈரம் நிக்கும். அப்புறம் பூசணம் பிடிக்கும். பேப்பர் மாதிரி இருக்கணும்.”

“பேப்பர்லயே பொடி பண்ணிருக்கலாம் அத்தான், இவ்வளவு அழவும் வேண்டாம்” என்றேன்.

டீச்சர் மரியாதையாகத்தான் கேட்டார். “சார், கத்தி இன்னொண்ணு இருக்கு. நீங்களும் ஒரு கை போட்டா சீக்கிரம் முடிஞ்சிரும்.”

“நானும் உக்காந்துட்டா யாரு டீச்சர் பாக்கறது?”

டீச்சர் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

சீவியதை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், வீட்டில் இருந்த நல்ல போர்வைகளை எல்லாம் விரித்துப் பரப்பினோம். ஒன்றன்மேல் ஒன்று படக் கூடாது என்பது அத்தானின் உத்தரவு. அவர் குடை பிடித்துக்கொண்டு வரிசையைச் சரி பார்த்தார். நன்றாகத்தான் காய்ந்தது. மறுநாள் மத்தியானம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அள்ளிக்கொண்டு ஓடினோம். பாதி காய்ந்ததைக் குவித்து வைத்தால் வீணாகிவிடுமென்று, வீட்டில் கட்டில், மேஜை, சோபா என்று ஓர் இடம் விடாமல் பரப்பி, எல்லா ஃபேனையும் சுழலவிட்டார். மழை விட்டபாடில்லை. ஜன்னலைத் திறந்தால் சாரல், மூடினால் நெடி. சுவர், தலையணை, தண்ணீர்ச் சொம்பு எல்லாமே வெங்காயம். எதிர் வீட்டிலிருந்த என் தையல் துணியையும் அது விட்டுவைக்கவில்லை. கல்யாணத்துக்குச் சட்டை தைக்கக் கொடுத்திருந்த ஒருவர் வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, “இதைப் போட்டுக்கிட்டு நான் கல்யாணத்துக்குப் போறதா, இல்ல பந்திக்குச் சமைக்கப் போறதா?” என்று கேட்டார்.

அக்காவின் கண் அந்த நெடியில் கரித்தது. கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தலையணையோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். வெங்காயம் நறுக்கினால் கண்ணுக்கு ஆகாது என்று ஆரம்பித்த காரியம், அவளை வீட்டைவிட்டே துரத்திவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

“போய் நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டுட்டு வரட்டுமாக்கா?”

“வேணாம் விடு. எனக்காகத்தானே பண்றாரு.” தலையணையைத் திருப்பிப் போட்டுப் படுத்தாள். பிறகு, “இடது கண்ணும் ஆயிட்டா போதும். உனக்குக் காஜா எல்லாம் அப்படியே கிடக்குல்ல?” என்றாள்.

கிடந்தது. காஜா போடாத சட்டைகளை நான் அவள் கண்ணில் படாமல் பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். அடுத்த வாரம் இடது கண்ணுக்கு நாள் குறித்திருந்தார்கள்.

ஒருவழியாக வெயில் வந்தது. வளைத்தால் மடங்காமல் பட்டென்று ஒடிகிற பதத்துக்கு வெங்காயம் வந்து சேர்ந்தது. மூட்டை வெங்காயம் சுருங்கி ஒரு முறத்தில் அடங்கிவிட்டது. அத்தான் அதையும் முகம் வாடாமல் பார்த்தார். பொடி அரைக்கும் வேலையை மட்டும் அவரே எடுத்துக்கொண்டார். பொத்தானை அழுத்துவதுதானே! சூடு ஆறிய பிறகுதான் அரைக்கணும், அரைத்ததும் மூடியைத் திறக்கக் கூடாது, பொடி அடங்கட்டும் என்று எனக்கு வகுப்பெடுத்ததும் அவர்தான். தலையைத் தலையை ஆட்டினேன்.

மிக்சி நின்றது. அவரால் பொறுக்க முடியவில்லை.

“எங்க அவ? கூப்பிடு. முதல்ல அவதான் பாக்கணும்.”

அக்கா வந்தாள். கறுப்புக் கண்ணாடியில் பொடி எப்படித் தெரியும்? கழற்றிவிட்டுக் குனிந்தாள். அத்தான் ஜாரை அவள் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து மூடியைத் திறந்தார்.

“பாரு!”

வெள்ளையாக ஒரு புகை கிளம்பி அவள் முகத்தை மூடியது. அக்கா அலறிய அலறல் மேல்வீடுவரை கேட்டது. கசக்காதே கசக்காதே என்று நான் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டேன். அத்தான் தண்ணீரை எடுத்து ஊற்றினார். பாதித் தண்ணீர் தரையில் போனது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். கண் ரத்தமாகச் சிவந்திருந்தது.

“என்னம்மா ஆச்சு?”

“தூசி பட்டுடுச்சு” என்றாள் அக்கா, தரையைப் பார்த்துக்கொண்டு.

“என்ன தூசி?”

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தான் எழுந்து நின்றார். எத்தனையோ பேரை டிக்கெட் இல்லாமல் பிடித்தவர். பிடிபட்டவர்கள் எப்படி நிற்பார்கள் என்று அவருக்குத் தெரியும். அப்படியேதான் நின்றார்.

“வெங்காயப் பொடி டாக்டர். நான்தான் மூடியைத் தொறந்தேன். இவ வெங்காயம் நறுக்கக் கூடாதுன்னுதான் பொடி பண்ணினேன்.”

டாக்டருக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபின் சிரிக்கவும் இல்லை.

“ஏன், வீட்டுல நறுக்கிக் குடுக்க வேற ஆளே இல்லையா?”

அத்தான் தன் இரண்டு கைகளையும் குனிந்து பார்த்தார்.

“கண்ணு பிழைச்சிடும். ஆனா இடது கண்ணை இப்போ நான் தொட மாட்டேன். இது முழுசா ஆறட்டும், அப்புறம் பாக்கலாம்” என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்த அவசரத்தில் பொடி ஜாரை மூடாமல் அடுப்பு மேடையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தோம். ராத்திரி மறுபடியும் மழை. ஈரக் காற்றை எல்லாம் உறிஞ்சிக்கொண்டு காலையில் பொடி ஒரே கட்டியாகிக் கிடந்தது. அத்தான் ஸ்பூனால் குத்திப் பார்த்தார், ஸ்பூன் வளைந்தது. நாங்கள் அழுத கண்ணீர், டீச்சரின் லீவு, கெட்டுப்போன கல்யாணச் சட்டை, எல்லாம் சேர்ந்து ஒரு கல். பெரிய வெங்காயம்!

நன்றாக நாலு வார்த்தை கேட்கலாம் என்றுதான் அன்றைக்கு உள்ளே போனேன். அத்தான் சமையலறையில் பலகையை வைத்து உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரே ஒரு வெங்காயம். மூக்கில் கைக்குட்டை இல்லை. தோலோடு பாதி வெங்காயத்தையும் உரித்துத் தள்ளியிருந்தார். கண்ணீர் தாடைவரை வழிந்துகொண்டிருந்தது. வெங்காயத்துக்கு அவ்வளவு வராது என்று எனக்குத் தெரியும்.

“குடுங்க அத்தான், நான் நறுக்கறேன்.”

“வேணாம்மா. ஒண்ணுதானே.”

என் கோபம் முழுவதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பாதி போனது.

அதற்குப் பிறகு தினமும் அவர்தான் நறுக்கினார். நான் வாசலில் நின்று பார்த்ததோடு சரி. தடிமனைப் பற்றி மூச்சு விடவில்லை. சிவப்பு மெதுவாக ஆறியது. குளிர் காலம் வந்த பிறகுதான் இடது கண்ணுக்கும் ஆபரேஷன் ஆனது.

கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த அன்று அக்கா எங்கும் உட்காரவில்லை. நேராகச் சமையலறைக்குப் போனாள். பலகையில் அன்றைய வெங்காயம் நறுக்கி வைத்திருந்தது. அதிலிருந்து ஒரு துண்டை எடுத்து, அத்தான் செய்வாரே அதேபோல ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இரண்டு கண்ணாலும் பார்த்தாள். ஒரு பக்கம் கட்டை விரல் தடிமன், மறுபக்கம் ஒன்றுமே இல்லை. அத்தான் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் கண்ணிமை இரண்டும் வீங்கியிருந்தது. அதையும் அவள் அன்றுதான் சரியாகப் பார்த்தாள்.

“இதையா இத்தனை நாள் சாப்பிட்டுட்டிருந்தேன்?”

“கண்ணுதான் சரியாயிடுச்சே” என்றார் அத்தான், இறங்கிய குரலில். “நாளைலேருந்து நீ...”

“நாளைக்கும் நீங்கதான்” என்று துண்டைப் பலகையில் வைத்துவிட்டு, அக்கா என் பக்கம் திரும்பினாள். “எங்கடி அந்தச் சட்டையெல்லாம்? ஊசியைக் குடு, நூலை நான் கோத்துக்கறேன்.”