பினாங்கில் எனக்கொரு சாட்சி

பினாங்குக்குப் போகிறவர்கள் சாப்பிடப் போவார்கள். சுவர் ஓவியங்களுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளப் போவார்கள். கொடிமலைக்கு ரயிலில் ஏறப் போவார்கள். நான் போனது, எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று சத்தியம் செய்ய ஓர் ஆளைத் தேடி.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு விமானம் இறங்கியது. திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து பினாங்கு. இரவு முழுக்க உட்கார்ந்தே வந்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. விமான நிலையத்திலிருந்து ஜார்ஜ் டவுன் பதினாறு கிலோமீட்டர். டாக்சிக்காரர்களைத் தாண்டிப் போய் 401 பஸ்ஸில் ஏறினேன். டிக்கெட் இரண்டு வெள்ளி எழுபது காசு. இங்கே ரிங்கிட்டை யாரும் ரிங்கிட் என்று சொல்வதில்லை, வெள்ளிதான். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை வழியாகத்தான் பஸ் போகிறது. நான் எட்டு வருடம் வேலை பார்த்த மின்னணுத் தொழிற்சாலையின் வாசலில் இப்போது வேறு பெயர்ப் பலகை தொங்கியது.

கதையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வயது நாற்பத்தெட்டு. இப்போதுதான் கல்யாணம் கூடி வந்திருக்கிறது. பெண் வதனி, யாழ்ப்பாணத்துக்காரி. நார்வேயில் பேர்கன் நகரத்தில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். கல்யாணத்தை அங்கே பதிவு செய்யவேண்டும். பதிவு அலுவலகத்தார் என் பிறப்புச் சான்று முதல் பாஸ்போர்ட் வரை எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்கள். இந்தியாவில் இவருக்கு மனைவி இல்லை, சரி. மலேசியாவில் எட்டு வருடம் இருந்திருக்கிறாரே, அங்கே?

அந்த எட்டு வருடமும் என்னை நேரில் அறிந்த ஒருவர், பினாங்கில் நோட்டரி முன்னால் உறுதிமொழி கொடுக்கவேண்டும். அதைக் கோலாலம்பூருக்குப் பக்கத்தில் புத்ராஜெயாவில் வெளியுறவு அமைச்சின் கவுன்டரில் கொடுத்து முத்திரை வாங்கவேண்டும். மாதக் கடைசிக்குள் பேர்கன் போய்ச் சேராவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள். மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும். "இன்னொரு வருஷம் காத்திருக்க எனக்கு ஏலாது" என்று வதனி சொல்லியிருந்தாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

எங்கள் ஊரில் இதே மாதிரி காகிதத்துக்குச் சாட்சி கிடைக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. டீக்கடையில் நின்ற இரண்டு பேர் வந்தார்கள், என் முகத்தைக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்கள், போய்விட்டார்கள். பினாங்கு அப்படிப்பட்ட ஊர் இல்லை. ஆனால் எனக்கென்ன கவலை, குமரன் இருக்கிறானே என்று வந்தேன். குமரன் தொழிற்சாலையில் என் பக்கத்து மேசை. வருகிறேன் என்று போனில் உறுதியாகச் சொல்லியிருந்தான்.

கொம்தார் பஸ் நிலையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவனிடமிருந்து அழைப்பு வந்தது.

"அண்ணே, தப்பா நெனக்காதீங்க லா. சைன் பண்றதுன்னா பண்ணிடுவேன். இது சத்தியமாமே? எங்கம்மா வேணாம்னு சொல்லிட்டாங்க."

"உண்மையைத்தானேப்பா சொல்லப் போறே?"

"எனக்கு எப்படிண்ணே தெரியும்? உங்கள ஃபேக்டரில பார்த்தேன். அஞ்சு மணிக்கு மேல நீங்க எங்க போனீங்க, யாரோட இருந்தீங்க, நான் பார்த்தேனா? உங்க வீட்டுக்கு நான் வந்ததே இல்லியே!"

அவன் சொன்னது அத்தனையும் சரி. பணம் கேட்டால் கொடுப்பான், கார் வேண்டுமென்றால் சாவியைக் கையில் திணிப்பான். சத்தியம் என்றால் இங்கே நம்மவர்கள் பின்வாங்கிவிடுவார்கள். பரவாயில்லை தம்பி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, நடுரோட்டில் பெட்டியோடு நின்றேன்.

வேறு யார் இருக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். கூட வேலை பார்த்த ஒருவன் சிங்கப்பூரில், ஒருவன் அமெரிக்காவில். கால்கள் தாமாகவே கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் போய்விட்டன. அந்த வட்டாரத்து நாசி கண்டார் சோற்றுக் கடை ஒன்றில் வாரத்துக்கு நான்கு நாள் சாப்பிட்டிருக்கிறேன். கறிகளுக்குப் பின்னால் அதே பெரியவர்தான் நின்றிருந்தார். தாடி மட்டும் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கரண்டியைத் தூக்கிக் காட்டினார்.

"வாங்க தம்பி! ஆளையே காணோம்? கோழி, வெண்டிக்காய், குழம்பு பன்ஜிர்!"

பன்ஜிர் என்றால் மலாயில் வெள்ளம். சோறு மிதக்கிற அளவுக்கு எல்லாக் குழம்பையும் ஊற்றுவது. நான் ஊருக்குத் திரும்பி ஆறு வருடம் கழித்தும் மறக்கவில்லையே மனுஷன் என்று இருந்தது. சாப்பிட்டு முடித்துப் பன்னிரண்டு வெள்ளியைக் கொடுத்துவிட்டு, மெதுவாக விஷயத்தை அவிழ்த்தேன். எனக்காக ஒரு வார்த்தை சொல்வாரா?

"சொல்லலாமே. நீங்க தனியாத்தானே வருவீங்க. எப்பவும் அந்தச் சுவரோரம்." துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். "சரி, தம்பி பேரு என்னா?"

இரண்டு பேருமே சிரித்துவிட்டோம். அவர்தான் முதலில் சிரிப்பை நிறுத்தினார்.

"பேரே தெரியாம நான் போயி நின்னா நல்லாருக்காது தம்பி. குடியிருந்த வீட்டுல கேட்டீங்களா? வீட்டுக்காரங்களுக்குத் தெரியாதது ஊர்ல யாருக்குத் தெரியும்?"

கெலுகோரில் பிலோமினா அக்காவின் வீட்டு மாடி அறையில்தான் எட்டு வருடமும் இருந்தேன். அவரை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. அவருடைய பழைய எண் உயிரோடு இல்லை. ஆஸ்திரேலியாவில் பெர்த்தில் இருக்கும் மகனிடம் போயிருப்பார் என்று நானாக முடிவு செய்திருந்தேன். உண்மையைச் சொன்னால் அது மட்டும் காரணமில்லை. எட்டு வருடத்தில் நாங்கள் பேசியதை எல்லாம் சேர்த்தாலும் ஒரு மணி நேரம் தேறாது. வாடகை வங்கியில் போய்விடும். கேட்டில் பார்த்தால் "என்னா தம்பி, வேலையா?" என்பார். நான் "ஆமாக்கா" என்பேன்.

அன்று சாயங்காலம் ஹோட்டல் அறையில் படுத்துக்கொண்டு, வதனியின் அழைப்பை எடுக்காமல் விட்டேன். என்னைத் தெரிந்தவர் இந்த ஊரில் ஒருவருமில்லை என்று எந்த வாயால் சொல்வது? வாழ்ந்த ஊருக்குத் திரும்பி வந்து, அங்கே வாழ்ந்ததற்கு ஆளில்லாமல் கிடப்பது அசல் அநாதைத்தனம். அழுகை வந்தது. வெட்கமில்லாமல் அழுதேன்.

புதன்கிழமை காலை கெலுகோருக்கு பஸ் பிடித்தேன். ஜார்ஜ் டவுனிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர். பல்கலைக்கழக நிறுத்தத்தில் மாணவர் கூட்டம் இறங்கியது, நானும் இறங்கினேன். வீடு பச்சைக்கு மாறியிருந்தது. கேட்டில் நின்று கூப்பிட்டதும் பிலோமினா அக்கா வந்தார். எழுபதை நெருங்கியிருப்பார். பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், அந்த நிமிர்வு போகவில்லை. கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"முரளி! மாடித் தம்பி!"

என் பெயரைச் சொன்னாரே, அதுவே பாதிக் கிணறு தாண்டிய மாதிரி இருந்தது. விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "பொய் சொன்னாத்தான் பயப்படணும். இரு, சேலை மாத்திட்டு வந்துடுறேன்" என்று உள்ளே போனார்.

நோட்டரியின் அலுவலகம் லைட் சாலைப் பக்கம், பழைய கடைவீட்டின் மேல்மாடியில் இருந்தது. நோட்டரி நாற்பது வயதுத் தமிழ்ப் பெண் வழக்கறிஞர். நான் கொண்டுபோன வாசகத்தைப் படித்துவிட்டு ஓரமாக வைத்துவிட்டார்.

"ஆண்ட்டி, இது இன்டர்நெட்ல இருந்து எடுத்தது. நீங்க நேர்ல பார்த்தத, கேட்டத மட்டும் சொல்லுங்க. இவருக்கு வைஃப் இல்லன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பிரின்சிபால் முன்னால் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார்.

"மேல போற படி வெளிய இருக்கு, என் ஜன்னலுக்கு நேரா. யாரு ஏறினாலும் எனக்குத் தெரியும். எட்டு வருஷமும் அங்க ஒரே ஜோடி சப்பாத்துதான், தம்பி கால்ல போட்டுட்டுப் போறது. ரெண்டாவது ஜோடி நான் பார்த்ததே இல்ல."

வழக்கறிஞர் தட்டச்சு செய்துகொண்டே போனார்.

"தீபாவளிக்கும் ரூம்லதான் இருக்கும் தம்பி. காய்ச்சல்னாலும் தானே போயி மருந்து வாங்கிட்டு வரும். சண்டே ஆனா அம்மாவுக்கு போன் போடும். பலகைத் தரை, எல்லாம் கீழ கேக்கும். 'பிரண்ட்ஸுங்க வந்திருக்காங்கம்மா, வெளிய போறோம்மா'ன்னு சொல்லும். யாரும் வந்திருக்க மாட்டாங்க. போன வச்சிட்டு இங்கயும் அங்கயும் நடக்கும். ஜன்னலுக்கும் கதவுக்கும். நான் ஜெபமாலை சொல்லி முடிக்கிற வரைக்கும் நடக்கும்."

என் காது சூடாகிவிட்டது. அம்மாவிடம் சொன்ன பொய், அம்மாவோடேயே போய்விட்டது என்றிருந்தேன். கீழே ஒருவர் உட்கார்ந்து வாராவாரம் கேட்டிருக்கிறார்! வெட்கத்துக்குப் பின்னாலேயே கோபமும் வந்தது. தெரிந்திருந்தும் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? நானும் இறங்கிப் போய்க் கதவைத் தட்டவில்லைதான். ஆனாலும் கோபம் வந்தது.

"ரூம் உள்ள போயி பார்த்திருக்கீங்களா ஆண்ட்டி?"

"இல்ல."

"ஒரு தடவகூட?"

அக்கா கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் இறுக்கினார்.

"நடக்கிற சத்தத்தக் கேட்டுக்கிட்டேதாம்மா இருந்தேன். மகன் அப்பத்தான் பெர்த்துக்குப் போயிருந்தான். கீழ நான் ஒருத்தி, மேல இது ஒண்ணு. மேல போயி என்னாப்பான்னு ஒரு நாளுகூட கேக்கல. ஏன் கேக்கலன்னு எனக்கே தெரியல."

தட்டச்சுச் சத்தம் நின்றது. வழக்கறிஞர் எங்கள் இருவரையும் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்போ 'தனியா வாழ்ந்தார்'னு போட முடியாது. நீங்க உள்ள பார்க்கல. 'அவரைத் தேடி எவரும் வந்து நான் பார்த்ததில்லை'ன்னு போடுறேன். அதுவே போதும்" என்றார். அச்செடுத்து, ஆங்கிலத்தில் ஒரு முறை வாசித்து, தமிழில் ஒரு முறை சொன்னார். அக்கா கையெழுத்துப் போட்டார். வழக்கறிஞர் சிவப்பு முத்திரையை ஒட்டி, அழுத்தி, என் கையில் கொடுத்தார். என்னைக் கல்யாணத்துக்குத் தகுதியாக்கிய அந்தக் காகிதத்தில், எட்டு வருடம் என்னை ஒருவரும் தேடி வரவில்லை என்று அதிகாரபூர்வமாக எழுதியிருந்தது.

டாக்சி பிடித்துக் கெலுகோருக்குத் திரும்பினோம். நான் அன்று மாலையே ஃபெரியில் பட்டர்வொர்த் போய் ரயிலைப் பிடித்தால்தான் மறுநாள் காலை புத்ராஜெயாவில் நிற்க முடியும். கேட்டிலேயே விடைபெறப் போனேன். "சாப்பிடாம எங்க போறே?" என்று அதட்டி உள்ளே கூட்டிப்போனார். அந்த வீட்டுக் கூடத்தில் நான் உட்கார்வது அதுவே முதல் தடவை. திருஇருதயப் படத்தின் கீழே ஒரு நாற்காலி, மேசையில் ஒரு தட்டு. எனக்காக இன்னொரு தட்டை அலமாரியில் தேடி எடுத்தார். சோறும் மீன் குழம்பும் கங்கோங் கீரையும் வைத்தார்.

இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன். தலைக்கு மேலே பலகை முனகியது. யாரோ ஜன்னலிலிருந்து கதவுக்கு நடந்தார்கள். கதவிலிருந்து ஜன்னலுக்கு நடந்தார்கள். நின்று, மறுபடி நடந்தார்கள்.

"யாருக்கா?"

"இந்தோனேசியா, மேடான்காரப் பொண்ணு. யுனிவர்சிட்டில படிக்குது. வந்து ஒரு வருஷமாகப் போகுது." சொல்லிவிட்டு அக்கா கூரையைப் பார்த்தார். "உன்னையும் இப்படித்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

என் நடையை நான் கேட்டதில்லை. இவ்வளவு பரிதாபமாகவா இருந்திருக்கும்? மேலே போய்ப் பாருங்கள் அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் அலமாரியைத் திறந்து இன்னொரு தட்டை எடுத்துச் சோறு போட்டார். குழம்பை ஊற்றி, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து, முழங்கால் வலியை நொந்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வெளியே போனார். படியில் ஒவ்வொரு அடியாக அவர் ஏறுவது கேட்டது. நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். பிறகு கதவைத் தட்டும் சத்தம்.

"சூடா மாக்கான்?"

சாப்பிட்டாயா என்று மலாயில் கேட்கிறார். அந்தப் பெண் பதறிக்கொண்டு ஏதோ சொல்வதும், நாற்காலியை இழுத்துப் போடுவதும் கேட்டது. அப்புறம் நடை நின்றுவிட்டது. பேச்சுச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது, இடையில் ஒரு சிரிப்பு.

நான் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்தேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. படியடியில் நின்று, "போயிட்டு வரேங்கா" என்று குரல் கொடுத்தேன். மேலே பேச்சு மும்முரத்தில் அது கேட்டிருக்காது. கேட்டைச் சாத்திவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.