செபஸ்தியம்மாள் உயிரோடு வைத்திருந்த பஞ்சு

நாகல் நகரில் செபஸ்தியம்மாள் வீட்டு மாடியில் ஒரு நீல டிரம் இருந்தது. அதில் பத்துக் கப்பி மீன்கள். விற்பதற்கல்ல. டிரம்மில் கிடந்த பஞ்சுகளுக்குத் தீனி வேண்டும் என்பதற்காகவே அவற்றை வளர்த்தாள்.

"எல்லாரும் மீனுக்குப் பஞ்சு வைப்பாக. பஞ்சுக்கு மீன் வச்சவ நீ ஒருத்திதான்" என்பார் அவள் கணவர் ஞானதாஸ்.

மீன் தொட்டிக்குள் வைக்கிற ஸ்பாஞ்சு ஃபில்டர் வாங்கும்போது வெறும் நுரைப்பஞ்சு. ஏர் மோட்டாரில் ஒன்றரை மாதம் ஓடி, மீன்களின் கழிவு ஊறிய பிறகே அதற்குள் கண்ணுக்குத் தெரியாத ஏதோ குடியேறும். கழிவிலிருந்து கிளம்பும் நஞ்சை அது தின்றுவிடும். 1994-இல் மீன்குஞ்சு வளர்த்து விற்கும் தொழில் தொடங்கியபோது அவளுக்கு இது தெரியாது. நான்கு புதுத் தொட்டி வைத்தாள். பஞ்சு ஒன்று குறைந்ததால் நான்காவதில், வீட்டில் ஏற்கெனவே இருந்த சின்னத் தொட்டியின் பழைய கறுத்த பஞ்சைப் போட்டாள். மற்ற மூன்றிலும் மீன்கள் பத்து நாளில் செத்து மிதந்தன. நான்காவதில் ஒன்றுகூடச் சாகவில்லை. அன்று அந்தத் தொட்டி முன்னால் உட்கார்ந்தவள் உலை வைக்கவே மறந்துபோனாள். அதிலிருந்து உபரிப் பஞ்சை அவள் காயவிட்டதில்லை. டிரம்மில் போட்டு, காற்று கொடுத்து, கப்பிகளின் கழிவைத் தின்னவிட்டு, அடுத்த தொட்டிக்கு எடுத்துக்கொள்வாள்.

2003 கோடையில் பதினோரு நாள் கழித்துக் குழாயில் தண்ணீர் வந்தது. செபஸ்தியம்மாள் மார்க்கெட்டிலிருந்து திரும்பியபோது, ஊரிலிருந்து வந்திருந்த நாத்தனார் சகாயசெல்வி முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள்.

"மதினி, எம்புட்டு அழுக்கு! டிரம்ல கெடந்தது, பெரிய தொட்டியில ஓடுனது, அம்புட்டுப் பஞ்சையும் பிளீச்சிங் பவுடர் போட்டு அலசிப்புட்டேன். அப்புறம் நல்ல தண்ணியில ஏழு தடவ கசக்கி மாட்டிட்டேன். பாருங்க, கடையில வாங்குன மாதிரி!"

பதினோரு நாள் காத்திருந்து பிடித்த தண்ணீரை ஒருத்தி ஏழு முறை செலவழித்திருக்கிறாள். செபஸ்தியம்மாள் வெளுத்த பஞ்சு ஒன்றைக் கையில் எடுத்தாள்.

"நீ கழுவுனது அழுக்கில்ல, சகாயம்."

"பின்ன என்னவாம்?"

செபஸ்தியம்மாள் பெரிய தொட்டிப் பக்கம் ஓடினாள்.

பெரிய தொட்டியில் இருந்தவை ஆறு ஏஞ்சல் மீன்கள். நகத்தளவிலிருந்து இரண்டு வருடம் வளர்த்த தாய்மீன்கள். இவை இடும் முட்டைகளிலிருந்து வரும் குஞ்சுகள்தான் அவளுடைய தொழில். தீனியை நிறுத்தினாள். தொட்டியில் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு, பக்கத்துத் தெருக் கிணற்றில் இறைத்து ஒரு நாள் வைத்திருந்த தண்ணீரை ஊற்றினாள். மூன்றாம் நாள் காலை ஆறும் மேலே வந்து மூச்சுக்காக வாயைப் பிளந்தன.

தன்னிடம் மீன் வாங்கும் வடமதுரை டீச்சர் தாஹிராவுக்குப் போன வருடம் ஒரு பஞ்சு கொடுத்தது நினைவுக்கு வந்தது. தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

"அக்கா, அது கறுப்பா அசிங்கமா இருக்குன்னு எடுத்துட்டேனே" என்றாள் தாஹிரா. "தூக்கிப் போடல. பின்னால அல்லித் தொட்டியில கெடக்கு. அங்கயும் கொசுவுக்கு மீன் விட்டிருக்கேன்ல."

செபஸ்தியம்மாள் கையை விட்டு அதை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். செத்த பஞ்சு அழுகின முட்டையாய் நாறும். இது முதல் மழை விழுந்த கரிசல் காடாக மணத்தது.

தொட்டித் தண்ணீரோடு தூக்குவாளியில் போட்டு, மூடாமல், வழியெல்லாம் கையால் தண்ணீரை அளைந்துகொண்டே வந்தாள்.

"என்னக்கா, சோத்து வெஞ்சனம் சிந்துது?" என்றார் கண்டக்டர்.

"வெஞ்சனமில்ல அப்பு, பஞ்சு. மூடுனா மூச்சு முட்டிரும்."

"பஞ்சுக்கா? அப்ப அதுக்கும் ஒரு டிக்கெட் போடவா?"

பஸ்ஸே சிரித்தது. அவளும் சிரித்தாள். கை மட்டும் நிற்கவில்லை.

வந்ததும் அதைப் பெரிய தொட்டியில் மாட்டினாள். பக்கத்திலேயே வெளுத்த பஞ்சு இரண்டை நெருக்கி வைத்தாள், ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவட்டும் என்று. தண்ணீர் மாற்றுவதை விடவில்லை. மறுநாள் நான்கு மீன்கள் கீழே இறங்கின. அதற்கு அடுத்த நாள் ஆறும். மூன்றாம் நாள் ஒரு சிட்டிகை தீனி போட்டாள். ஆறும் ஓடிவந்து தின்றன.

சகாயசெல்வி நெருங்காமல் சுவரோரம் நின்றாள். "அந்தப் பஞ்சுக்குள்ள என்னதான் மதினி இருக்கு?"

செபஸ்தியம்மாள் பஞ்சை லேசாக அழுத்தி ஒரு சொட்டைத் தன் உள்ளங்கையில் ஏந்தி நீட்டினாள். ஒன்பது வருடமாகப் பார்க்கிறாள். ஒரு நாளும் அதில் எதுவும் தெரிந்ததில்லை.

சகாயசெல்வி குனிந்து உற்றுப் பார்த்தாள். பிறகு முகர்ந்தாள். "மண்ணு வாசம்" என்றாள் மெதுவாக. மாதா கோயிலில் பூசை நேரத்தில் செய்வதுபோல, அவள் கை தானாகச் சேலைத் தலைப்பை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டது.