முப்பத்திரண்டு நட்டு

1

திண்டிவனத்தில் ஒரு பஸ் கம்பெனியில் ஃபிட்டராக இருந்தேன். ஐம்பதுகளின் கடைசியில், ஓர் ஆயுத பூஜையன்று என் வேலை போக இருந்தது.

சாமி கும்பிடாத ஆள் என்று ஷெட்டில் எனக்குப் பெயர். அது சரிதான். ஆனால் தினமும் காலையில் செருப்பைக் கழற்றிவிட்டு, சக்கரத்தின் முன் குந்தி, ஒவ்வொரு வீல் நட்டையும் விரலால் தொட்டு எண்ணுவேன். நான்கு வீல், வீலுக்கு எட்டு. முடியும்வரை யாரோடும் பேசமாட்டேன்.

நட்டை முறுக்கியதும் நட்டையும் ரிம்மையும் சேர்த்துச் சாக்பீஸால் ஒரு கோடு போடுவேன். நட்டு நகர்ந்தால் கோடு விலகும். மறுநாள் கண்ணால் பார்த்தாலே தெரிந்துவிடும். அன்று பூஜைக்காக வண்டியைத் தேய்த்துக் கழுவி, நட்டுக்கு நட்டு சந்தனம் வைத்துவிட்டார்கள். ஒரு கோடு கூட மிச்சமில்லை.

விழுப்புரத்துக்கு முதல் டிரிப் ஆறு பத்துக்கு. உட்கார்ந்தவர்கள் நாற்பத்து நான்கு, நின்றவர்கள் ஒன்பது. நான் ஸ்பானரை எடுத்தேன்.

"இன்னாய்யா பண்ணிக்கினு கீற?" என்றார் முதலாளி. "சூடம் காட்டியாச்சு, எலுமிச்சம்பழம் வெச்சாச்சு. வண்டி எடுக்கணும், ஏந்திரு."

"கோடெல்லாம் அழிஞ்சி போச்சு முதலாளி. முப்பத்திரண்டும் முறுக்கிப் பாக்கணும்."

"சாமி பாத்துக்கும்யா!"

"பாக்கட்டும் முதலாளி. ஸ்பானர் எங்கிட்டதான் கீது."

ஜன்னலிலிருந்து ஒருவர் கத்தினார்: "விழுப்புரத்துல ரயில் பூடும்பா, பேஜாரு பண்ணாத!"

"நாளையிலேர்ந்து நீ வேலைக்கி வராத," என்றார் முதலாளி. "ஆறுமுகம், நீ எடுய்யா."

டிரைவர் ஆறுமுகம் நெற்றி நிறைய விபூதி பூசுகிறவர். சூடம் காட்டியதே அவர்தான். இன்ஜின் ஓடியது. நான் பின் வீலில், பத்தொன்பதாவது நட்டில் இருந்தேன். எழவில்லை.

இன்ஜின் நின்றது.

"நான் கும்புட்டு முடிச்சிட்டேன் முதலாளி," என்றார் ஆறுமுகம். "அவுரு இன்னும் முடிக்கல. முடிக்கட்டும்."

வண்டி ஆறு முப்பத்தேழுக்குக் கிளம்பியது.

"பாத்தியா? ஒண்ணு கூட லூசு இல்ல. இருவத்தேழு நிமிசம் பாழு!"

"அத தெரிஞ்சிக்கத்தான் முதலாளி அந்த இருவத்தேழு நிமிசம்."

2

என்னை நீக்கவில்லை. நான் நட்டு பார்க்காத வண்டியைத் தான் ஓட்டப்போவதில்லை என்று ஆறுமுகம் சொன்னதாகக் கேள்வி. தண்டனையாக விழுப்புரம் ஷெட்டுக்கு மாற்றினார்கள். அங்கே மூன்று வண்டி. என் கணக்கு தொண்ணூற்றாறாக ஏறியது. ஒரு நாளும் குறைக்கவில்லை. அடுத்த ஆயுத பூஜைக்குச் சந்தனத்தோடு வந்தவர்களை நட்டுக்கு ஒரு சாண் தள்ளியே நிறுத்தினேன்.

இப்போது பட்டறையில் இருக்கிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். சுவரில் சாமி படம் மாட்டுங்கள், மாட்டாமல் இருங்கள், எனக்கு வழக்கில்லை. வண்டியில் ஏறுகிறவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்ததில்லை. ஆனாலும் கண்ணை மூடித் தூங்குகிறார்கள். அதற்கு மேல் ஒருவரை நம்ப முடியாது. எண்ணுங்கள். பாதியில் யார் கூப்பிட்டாலும் எழாதீர்கள்.