ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு ஓர் இரும்புக் கை

"கோயில், பீச், மறுபடியும் கோயில். உங்களுக்கு வேற ஊரே கிடைக்காதா?" என்று போன பதிவுக்குக் கீழே ஒருவர் கேட்டிருந்தார். படித்ததும் சுருக்கென்று கோபம் வந்தது. நன்றாக நாலு வார்த்தை கேட்கலாம் என்று பழைய பதிவுகளைப் புரட்டினால், மனிதர் சொன்னது உண்மைதான். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று மேற்குப் பக்கம் நான் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. தொழிற்பேட்டையில் போய் என்னத்தைப் பார்ப்பது என்ற எண்ணம், வேறென்ன.

அந்த வாரமே ஒரு வாய்ப்பு வந்தது. என் கூட வேலை பார்க்கும் சுமதியின் தம்பி பிரகாஷ், நகரத்தில் ஒரு கலைக்கல்லூரியில் சிற்பம் படிக்கிறான், கடைசி வருஷம். அவர்களுக்குக் கொடுத்த தலைப்பு: 'நான் யாராக இருந்தேன், யாராக ஆனேன்.' கல்லூரிக் கொட்டகையில் செய்யக்கூடாது. அவரவர் வாழும் இடத்தில், அங்கே கிடைக்கும் பொருளைக் கொண்டு செய்ய வேண்டும். மேற்குப் பக்கத்து மாணவர்கள் தங்கள் சிலைகளைச் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் பூந்தமல்லியில் ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். தேர்வாளர்கள் அங்கே வந்து பார்ப்பார்கள். நான்கு மணிக்கு மேல் வந்த சிலைக்கு மார்க் கிடையாது. சிலை ஏற்றும் வண்டியிலேயே நீங்களும் வரலாம் அக்கா என்று பிரகாஷ் சொன்னதும், இரண்டாவது சனிக்கிழமை லீவை இதற்கென்று ஒதுக்கிவிட்டேன்.

காலை 8.40க்குப் பெரம்பூரில் மின்சார ரயில் ஏறினேன். டிக்கெட் ஐந்து ரூபாய். அம்பத்தூர் எஸ்டேட் என்றதால் அம்பத்தூர் ஸ்டேஷனில் இறங்கினேன். அது தப்பு. எஸ்டேட்டுக்கு ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே, பட்டரவாக்கத்தில் இறங்க வேண்டும். நான் அசட்டுச் சிரிப்போடு ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய் கொடுத்துத் திரும்பி வந்தேன். நீங்களாவது சரியாக இறங்குங்கள்.

பிரகாஷ் சிலை செய்தது அவன் சித்தப்பாவின் லேத் பட்டறையில். அங்கே அளவு சரியில்லாத பாகங்களுக்குச் சிவப்பு பெயின்ட் ஒரு தீற்று வைத்துத் தொட்டியில் எறிந்துவிடுவார்கள். பிளஸ் டூவில் ஃபெயிலான பிரகாஷுக்கு மூன்று வருஷம் அந்தச் சிவப்பு வைப்பதுதான் வேலையாம். அந்த ரிஜெக்ட் பாகங்களையே ஒட்டித் தன் முகத்தைச் செய்திருந்தான். ஒரு பாதியில் சிவப்பு அப்படியே இருக்கிறது, மறுபாதியில் சுரண்டி எடுத்திருக்கிறான். இதில் எது இப்போதைய நீ என்று கேட்டேன். அதை இன்னும் முடிவு செய்யவில்லை என்றான். பதில் எனக்குப் பிடித்திருந்தது.

அந்த முகத்தைக் கோணியில் சுற்றி ஒரு சின்ன சரக்கு வண்டியில் ஏற்றினோம். குட்டியானை என்றால்தான் சென்னையில் யாருக்கும் புரியும். நாள் வாடகை 1,800 ரூபாய். ஆவடியில் இன்னொரு சிலையையும் ஏற்றுவதால் ஆளுக்குப் பாதி. ஓட்டுநர் சேகர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, சிலை பாக்கவா இம்மாந்தூரம் வந்துகினு கீற? முன்னாடி குந்திக்கோ" என்றார். குந்திக்கொண்டேன். 11.10க்குக் கிளம்பி, சி.டி.எச். ரோட்டில் ஒன்பது கிலோமீட்டர் ஊர்ந்து, 11.50க்கு ஆவடி குவார்ட்டர்ஸ் வாசலில் இறங்கினோம்.

இங்கே இருப்பவள் கௌசல்யா, பிரகாஷின் வகுப்புத் தோழி. அம்மா ராஜேஸ்வரி ராணுவச் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கணவர் அதே தொழிற்சாலையில் இருந்தவர். அவர் இறந்தபின் அந்த வேலை இவருக்குக் கிடைத்திருக்கிறது. அதுவரை தையல் மிஷினைத் தொட்டதே இல்லையாம். முப்பத்திரண்டு வயதில் கற்றுக்கொண்டேன் என்று எனக்குத் தண்ணீர் கொடுத்தபடியே சொன்னார்.

அடுத்து அவர் சொன்னது அவ்வளவு இனிமையாக இல்லை. கௌசல்யா வெல்டிங் படித்தவள். தொழிற்சாலையில் பயிற்சி வேலை கிடைத்ததை விட்டுவிட்டுச் சிலை செய்யப் போனாள். போன வருஷம் கடைசித் தேர்வுக்கு வைக்க வேண்டிய சிலை முடியவே இல்லை. ஒரு வருஷம் போயிற்று. இந்த முறையும் போனால் படிப்பு அதோடு சரி. ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி ஒன்றில் சொல்லி வைத்திருக்கிறார், திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லியிருக்கிறார்கள். நாலு மணிக்குள் சிலை போய்ச் சேர்ந்தால் மார்க் வரும்வரை கம்பெனியிடம் ஒரு மாதம் தவணை கேட்பது, சேராவிட்டால் திங்கட்கிழமை பஸ் ஏறுவது. இதுதான் அம்மாவுக்கும் பெண்ணுக்கும் பேச்சு. சமையலறையில் குழம்பு கொதிக்க, ராஜேஸ்வரி இதை எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் எரிச்சலாக இருந்தது. இப்படியா ஒரு பெண்ணுக்குக் கெடு வைப்பது?

சிலை பின்பக்க வராந்தாவில் இருந்தது. கம்பியடைத்த வராந்தா, வெளியே போக வீட்டின் வழியாக மட்டும்தான் வழி. தகட்டைத் தட்டி வளைத்து, வெல்டிங் வைத்துச் செய்த ஒரு பெண், ஐந்தடி உயரம். முகம் கௌசல்யாவுடையது. ஒரு கை முன்னால் நீண்டிருக்கிறது, இன்னொரு கை பக்கவாட்டில் முழுதாக விரிந்திருக்கிறது. கதவைத் திறந்துகொண்டு யாரையோ வரவேற்பது மாதிரி அவ்வளவு தாராளமாக நின்றாள். பிரகாஷும் சேகரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக் கதவு வரை கொண்டுவந்தார்கள். அங்கேதான் வினை.

கதவு அகலம் இரண்டே முக்கால் அடி. நேராக நுழைத்தால் பக்கத்துக் கை இடித்தது. திருப்பி நுழைத்தால் முன் கை இடித்தது. சாய்த்துப் பார்த்தார்கள், படுக்கப் போட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. செய்வதற்கு முன்னால் கதவை அளக்கக்கூடாதா என்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் கேட்டுவிட்டேன்.

"அளந்துகினுதான்கா செஞ்சேன். அப்போ கை மடங்கி இருந்துச்சு" என்றாள் கௌசல்யா.

விஷயம் இதுதான். முதலில் அவள் செய்தது கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் பெண். அப்பா இறந்தபின் பத்து வருஷம் பள்ளியிலும் தெருவிலும் அவள் அப்படித்தான் நின்றாளாம். அதைத் தோட்டத்தில்தான் செய்தாள். பக்கத்து வீட்டில் காயப்போட்ட துணியில் பொறி விழுந்து சண்டையானதும் சிலையை உள்ளே கொண்டுவந்தாள். கைகட்டி இருந்ததால் சுலபமாக உள்ளே வந்துவிட்டது. பத்து நாளைக்கு முன்பு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு, நான் இப்போது இப்படி இல்லையே என்று தோன்றியிருக்கிறது. ராத்திரி பகலாகக் கைகளை அறுத்து, புதுக் கைகள் செய்து, விரித்து வைத்துவிட்டாள். கை விரிந்த சந்தோஷத்தில் கதவு நினைவுக்கு வரவில்லை. சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

கதவு நிலையைப் பெயர்த்துவிட்டால் மேட்டர் முடிந்தது என்றார் சேகர். குவார்ட்டர்ஸ் வீட்டில் ஓர் ஆணி அடிக்கவே எழுதிக் கேட்க வேண்டும், நிலையைத் தொட்டால் வீட்டையே காலி செய்யச் சொல்வார்கள் என்றார் ராஜேஸ்வரி. ஜன்னல் அதைவிடச் சின்னது. மணி 12.35. பக்கத்துக் கையை மட்டும் அறுத்தால் போதும், மற்றது வெளியே வந்துவிடும் என்று பிரகாஷ் கணக்குப் போட்டான். கௌசல்யா கட்டிங் மெஷினை எடுத்து முழங்கையில் வைத்தாள்.

"ஏட்டி, அங்கன வெட்டாத" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

ராஜேஸ்வரி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தார். இன்னொரு கையில் துணிக்குக் கோடு போடும் தட்டைச் சாக்குக்கட்டி.

"முழங்கையில வெட்டுனா ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கும். தோள்ல வெட்டு. சட்டைக்கு நாங்க கைய தனியாத்தான வெட்டுதோம், பொறவுதான உடம்போட சேக்கோம்?"

சொல்லிக்கொண்டே அந்த இரும்புத் தோளைச் சுற்றிக் கோடு போட ஆரம்பித்தார். முன்பக்கம் கொஞ்சம் உள்வாங்கிய வளைவு, பின்பக்கம் அவ்வளவு வேண்டாம். ஒரே இழுப்பு, அழிக்கவே இல்லை. பிறகு அந்தக் கோட்டுக்குக் குறுக்கே மூன்று இடத்தில் சின்னச் சின்னக் கீற்று. திரும்பச் சேர்க்கும்போது கீற்றோடு கீற்று பொருந்தினால் கை கோணாது என்றார். ஒரு வருஷமாக மகள் செய்யும் எதையும் அவர் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை என்று பிரகாஷ் பின்னால் சொன்னான். அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் கௌசல்யா மெஷினைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் விரலையே பார்த்துக்கொண்டு நின்ற விதத்தில் ஏதோ இருந்தது. என் எரிச்சல் போன இடம் தெரியவில்லை.

அறுக்க இருபது நிமிஷம். சாதமும் புளிக்குழம்பும் சாப்பிடாமல் யாரையும் வெளியே விடமாட்டேன் என்றுவிட்டார் ராஜேஸ்வரி. 1.50க்கு வண்டி கிளம்பியது. முன்னால் ஓர் ஆளுக்குத்தான் இடம். எங்களோடு கிளம்பிய ராஜேஸ்வரியிடம் நீங்கள் உட்காருங்கள் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவர் பின்னால் ஏறி, பெட்ஷீட்டில் சுற்றிய இரும்புக் கையை மடியில் கிடத்திக்கொண்டார். ஆவடியிலிருந்து பூந்தமல்லி பத்து கிலோமீட்டர். பருத்திப்பட்டு, காடுவெட்டி, சென்னீர்குப்பம் என்று சாலை போகிறது. பெட்ஷீட் விலகி ஐந்து விரல்கள் வெளியே தெரிந்ததில், சிக்னலில் பக்கத்தில் நின்ற பைக்காரர் ஒருவர் பதறிப்போய் எட்டிப்பார்த்தார். ராஜேஸ்வரி சாவகாசமாக விரல்களை மூடிவிட்டார்.

பூந்தமல்லியை நெருங்கியதும் நெரிசல். மெட்ரோ தூண்களுக்குக் கீழே ஒரு கிலோமீட்டருக்கு இருபத்தைந்து நிமிஷம். மண்டபத்தில் இறங்கும்போது மணி 3.05. மறுநாள் கல்யாண வரவேற்புக்குத் துணி அலங்காரம் செய்திருந்ததால் உள்ளே வெல்டிங் கூடவே கூடாது என்று மேலாளர் தடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. இரண்டு கட்டடம் தள்ளி ஒரு கேட் செய்யும் பட்டறை. சேகர் அதன் உரிமையாளரை "மாமே" என்று கூப்பிட்டபடியே உள்ளே போய் அரை மணி நேரத்துக்குக் கரண்ட் வாங்கிக் கொடுத்தார். முன்பே பழக்கமோ என்று நினைத்தேன். இல்லையாம்.

கீற்றோடு கீற்று பொருத்தி, பிரகாஷ் கையைத் தாங்கிப் பிடிக்க, கௌசல்யா வெல்டிங் வைத்தாள். முழுச் சுற்றும் வைத்துத் தேய்த்து வழவழப்பாக்க நேரம் இல்லை. இடைவெளி விட்டுப் புள்ளி புள்ளியாகத்தான் ஒட்ட முடிந்தது. 3.52க்குச் சிலை மண்டபத்துக்குள் நின்றது. எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

தேர்வாளர்களில் ஓர் அம்மாள் அந்தத் தோளருகே வெகுநேரம் நின்றார். ஒட்டு தெரிகிறதே, நேரம் போதவில்லையா என்று கேட்டார். ஏதாவது கருத்து, தத்துவம் என்று அளந்துவிட நல்ல சந்தர்ப்பம்; நானாக இருந்தால் அளந்திருப்பேன்.

"டைம் இல்ல மேடம். டைம் இருந்தாலும் இப்போ தேய்க்க மாட்டேன். அது எங்கம்மா போட்ட கோடு" என்றாள் கௌசல்யா.

அந்த அம்மாள் குறிப்பேட்டில் எதையோ எழுதிக்கொண்டு அடுத்த சிலைக்குப் போனார். ராஜேஸ்வரி வாசலிலேயே நின்றிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவெல்லாம் இல்லை. மனிதர்கள் மாறுவது பற்றிப் பெரிதாகப் பேசுகிறோம். மாறுகிறவர்கள் ஒரு நாளில் மாறுவதில்லை, ஒருவர் மட்டும் தனியாகவும் மாறுவதில்லை என்று அன்று தோன்றியது.

போக நினைப்பவர்களுக்கு: கலைக்கல்லூரி மாணவர்களின் இறுதியாண்டுக் காட்சிகளுக்குப் பொதுமக்களும் போகலாம், பெரும்பாலும் கட்டணம் இல்லை, முன்கூட்டி விசாரித்துக்கொள்ளுங்கள். மாணவர்களின் பட்டறைக்குப் போவதானால் செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள், தரையெல்லாம் இரும்புச் சீவல். சிலையைத் தொடும் முன் கேளுங்கள். ஆவடி–பூந்தமல்லி சாலையை மதியம் இரண்டு மணிக்கு முன்பே கடந்துவிடுங்கள், பத்து கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரமாவது ஒதுக்குங்கள். குட்டியானை பிடிப்பவர்கள் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தே பேசி முடியுங்கள். எனக்குத் தனியாக ஆன செலவு ரயில், ஆட்டோ, இரண்டு டீ சேர்த்து ஐம்பத்தைந்து ரூபாய்.

திரும்பும்போது நானும் ராஜேஸ்வரியும் பூந்தமல்லி நிலையத்தில் ஆவடி பஸ் ஏறினோம், 5.30 இருக்கும். பிங்க் போர்டு பஸ், பெண்களுக்கு டிக்கெட் இல்லை. கௌசல்யா சிலைகளுக்குக் காவலாக அங்கேயே இருந்துவிட்டாள். மார்க் வர ஒரு மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். இதை எழுதும் இன்றுவரை வரவில்லை. தவணை கேட்க வேண்டுமே, மறந்துவிடாதீர்கள் என்று நான் ராஜேஸ்வரிக்கு நினைவுபடுத்தினேன். தலையை ஆட்டிவிட்டு, பையிலிருந்து போனை எடுத்து ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிக்காரரை அழைத்தார். கௌசல்யா திங்கட்கிழமை வரமாட்டாள் என்றார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். அடுத்த மாதமும் வரமாட்டாள் என்றார். மறுபடியும் ஏதோ கேட்டார்கள். ஏன் என்று கேட்டிருக்க வேண்டும்.

"அவளுக்கு வேல இருக்கு" என்றார் ராஜேஸ்வரி.